கொதிக்கும் நீரில் தங்க நானோ துகள்: தயாரிப்பதற்கும் அளந்தறிவதற்கும் ஒரு வழிகாட்டி

ஒரு சிட்டிகைக்கும் குறைவான தங்க உப்பை நீரில் கரைத்துக் கொதிக்க வைத்து, அதில் சிட்ரிக் அமிலத்தின் உப்பான சிட்ரேட்டின் கரைசலைச் சிறிது ஊற்றினால், சில நிமிடங்களில் மாதுளைச் சாற்றைப் போன்ற சிவப்புத் திரவம் குடுவையில் நிற்கும். அதில் சாயம் எதுவும் இல்லை. ஏறத்தாழ 15 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) விட்டமும் ஒவ்வொன்றிலும் சுமார் ஒரு லட்சம் தங்க அணுக்களும் கொண்ட உருண்டைகள் நீரில் மிதப்பதால்தான் அந்த நிறம் தோன்றுகிறது. நானோ ஆய்வில் முதன்முதலாகக் கைவைக்கும் முதுநிலை மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை என்பது என் கருத்து. இதற்குத் தூசியற்ற அறையும் வெற்றிடக் கலமும் தேவையில்லை. ஹாட் பிளேட்டும் காந்தக் கலக்கியும், எந்த அலைநீள ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளக்கும் யூவி–விசிபிள் நிறமாலைமானியும் உள்ள எந்தக் கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலும் இதைச் செய்ய முடியும். ஆனால், தயாரிப்பதற்கு அரை மணி நேரம் போதும் என்றால், தயாரித்தது என்ன என்பதை மற்றொருவர் ஏற்கும்படி காட்டுவதற்குச் சில வாரங்கள் ஆகும். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்த இரண்டாவது வேலையை மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளது.

முறை பழையது. மைக்கேல் ஃபாரடே 1857இல் லண்டனில் தங்க உப்பைப் பாஸ்பரஸ் கொண்டு ஒடுக்கி, அதாவது உலோகத் தங்கமாக மாற்றி, சிவப்புத் திரவத்தைப் பெற்றார். அதில் சிறிது சாப்பாட்டு உப்பைச் சேர்த்தால் நிறம் நீலமாக மாறுவதையும் அவரே குறித்து வைத்தார். அவர் தயாரித்த மாதிரிகளில் சில இன்றும் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் உள்ளன. பாஸ்பரஸுக்குப் பதிலாகச் சிட்ரேட்டைப் பயன்படுத்தும் முறையை 1951இல் ஜான் டர்கெவிச்சும் அவருடைய கூட்டாளிகளும் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் துணையோடு விரிவாக ஆராய்ந்தனர். சிட்ரேட்டின் அளவைக் குறைத்தால் துகள் பெரிதாகும் என்பதை 1973இல் ஃப்ரென்ஸ் ஒழுங்கான அட்டவணையாகக் காட்டினார். இன்று ஆய்வகங்களில் டர்கெவிச் முறை என்று சொல்லப்படுவது பெரும்பாலும் ஃப்ரென்ஸ் கொடுத்த அளவுகளைப் பின்பற்றுவதே.

குடுவைக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தங்க உப்பில் தங்கம் மூன்று நேர்மின்சுமை கொண்ட நிலையில் இருக்கிறது. சிட்ரேட் அதற்கு எலக்ட்ரான்களைத் தந்து உலோகமாக ஒடுக்குகிறது. உருவாகும் அணுக்கள் ஒன்றுகூடிக் கருக்களாகி வளர்கின்றன. வளர்ந்த துகளின் மேற்பரப்பில் சிட்ரேட் ஒட்டிக்கொண்டு எதிர்மின்சுமையைத் தருவதால், துகள்கள் ஒன்றையொன்று விலக்கி நீரில் பிரிந்தே மிதக்கின்றன. போதாக்குறைக்கு, கரைசலின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவையும் சிட்ரேட்டே கட்டுப்படுத்துகிறது. ஒரே பொருள் மூன்று வேலைகளைச் செய்வதால், அதன் அளவில் நேரும் சிறு பிழை மூன்று வழிகளில் முடிவைப் பாதிக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாங்க வேண்டியவை

குளோரோ ஆரிக் அமிலம் எனப்படும் தங்க உப்பு, மூன்று நீர் மூலக்கூறுகளோடு சேர்ந்த படிகமாக, பெரும்பாலும் ஒரு கிராம் குப்பிகளில் விற்கப்படுகிறது. இதன் மூலக்கூறு எடை 393.83. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசிந்துவிடும் இயல்புடையதாதலால், குப்பியைத் திறந்து தேவைக்கேற்பச் சிறிது சிறிதாக எடைபோடும் பழக்கம் இதற்கு ஒத்துவராது. இரண்டாம் முறை திறக்கும்போது நீங்கள் எடைபோடுவது தங்க உப்போடு சேர்ந்த ஈரத்தையும்தான். குப்பி முழுவதையும் ஒரே தடவையில் 100 மி.லி. நீரில் கரைத்து மூலக்கரைசலாக வைத்துக்கொள்வதே சரி. ஒரு கிராமை 100 மி.லி. நீரில் கரைத்தால் ஒரு சதவீதக் கரைசல், அதாவது 25.4 மில்லிமோலார் கரைசல் கிடைக்கும். குப்பியின் உட்சுவரிலும் மூடியிலும் ஒட்டியிருப்பதையும் நீர் விட்டு அலசிச் சேர்த்துக்கொள்ளுங்கள். தங்கம் விற்கும் விலைக்கு அந்த ஓரிரு துளிகளும் கணக்கில் வரும். இரும்பு அல்லது எஃகுக் கரண்டி எதையும் இந்த உப்பின் அருகே கொண்டுபோகக் கூடாது. உலோகம் அரிக்கப்படும், தங்கமும் கரண்டியின் மேலேயே ஒடுங்கிப் படிந்துவிடும். மூலக்கரைசலைப் பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பியில், அதன் மேல் அலுமினியத் தாளைச் சுற்றி, குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். கையுறை அவசியம்: தோலில் பட்டால் அரிப்பதோடு, சில மணி நேரத்தில் ஊதா நிறக் கறையும் தோன்றும். அந்தக் கறை தோல் உரியும் வரை போகாது. அதுவும் ஒரு வகையில் நானோ தங்கமே என்பது கறைபட்டவருக்கு ஆறுதல் தராது.

ட்ரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட் மலிவானது. மூலக்கூறு எடை 294.10. ஒரு கிராமை 100 மி.லி. நீரில் கரைத்தால் 34 மில்லிமோலார் கரைசல் கிடைக்கும். இதை அன்றன்றே தயாரிக்க வேண்டும். சிட்ரேட் நுண்ணுயிர்களுக்கு நல்ல உணவாதலால், சில வாரங்கள் அலமாரியில் நின்ற கரைசலில் பூஞ்சை இழைகள் மிதப்பதைக் காணலாம்.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். துகள்களைப் பிரித்து வைத்திருப்பது அவற்றின் மின்சுமைதான். நீரில் கரைந்துள்ள உப்பு அந்த மின்சுமையை மறைத்து, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்ட வழி செய்கிறது. ஆகவே குழாய் நீர் அறவே ஆகாது. 18.2 மெகாஓம்–சென்டிமீட்டர் தடைத்திறன் கொண்ட மிகத்தூய நீர் கிடைத்தால் நல்லது. அது இல்லாத கல்லூரிகளில் கண்ணாடிக் கலத்தில் இருமுறை வடித்த நீரே போதுமானதாக இருக்கும். ஆனால் பல ஆண்டுகளாகத் துலக்கப்படாத உலோகக் கொதிகலனில் வடித்து, பிளாஸ்டிக் கேனில் நாட்கணக்கில் நின்ற நீரை நம்ப வேண்டாம். எந்த நீரைப் பயன்படுத்தினாலும், அதன் கடத்துதிறனை அளந்து குறிப்பேட்டில் எழுதிவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

குடுவையைத் துலக்குதல்

இந்த முறை தோற்றுப்போவதற்கான காரணங்களில் பாதிக்கு மேல் குடுவையின் சுவரில்தான் இருக்கின்றன. முந்தைய சோதனையில் ஒட்டிய தங்கத் துணுக்கு ஒன்று இருந்தால், புதிய அணுக்கள் தாமாகக் கருவாவதற்குப் பதிலாக அதன் மேல் படிந்து வளரும். சோப்பு எச்சம் இருந்தால் அது மேற்பரப்பைப் பிடித்துக்கொண்டு சிட்ரேட்டை விலக்கும். காந்தக் கலக்கியில் போடும் டெஃப்லான் உருளையை யாரும் சந்தேகிப்பதில்லை. நான் மாணவனாக இருந்தபோது மூன்று நாட்கள் தொடர்ந்து ஊதா நிறத் திரவமே கிடைத்தது. நீரையும் உப்பையும் மாற்றிப் பார்த்த பிறகுதான், உருளையின் ஓரக் கீறலில் வேறொருவருடைய வெள்ளிச் சோதனையின் கறுப்புப் படிவு இருந்ததைக் கண்டேன். இந்தச் சோதனைக்கென்று ஒரு குடுவையையும் ஒரு உருளையையும் தனியே ஒதுக்கி, பெயர் எழுதி, பூட்டி வைத்துவிடுவது நல்லது.

முறையான துலக்கல் இராஜ திராவகத்தால் செய்யப்படுகிறது. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கு, அடர் நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு என்னும் கன அளவு விகிதத்தில், முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுத்து, அதில் நைட்ரிக் அமிலத்தை மெதுவாகச் சேர்க்க வேண்டும். இந்தக் கலவை குளோரினையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் வெளியிட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹுட் இயங்கும்போது, அதற்குள், கண்ணாடிக் கவசமும் தடித்த கையுறையும் அணிந்து, பொறுப்பாசிரியர் உடனிருக்கும்போது மட்டுமே இதைத் தயாரிக்கலாம். மூடிய குப்பியில் சேமித்து வைத்தால் அழுத்தம் கூடிக் குப்பி வெடிக்கும். அசிட்டோன், ஆல்கஹால் முதலிய கரிமக் கரைப்பான்கள் தப்பித்தவறியும் இதோடு சேரக் கூடாது. அசிட்டோன் விட்டு அலசிய குடுவையை அப்படியே இராஜ திராவகத்தில் இடுவது பல ஆய்வகங்களில் விபத்துக்கு வழிகோலும் பழக்கம். ஃப்யூம் ஹுட் இல்லாத கல்லூரியில் இதைச் செய்யவே வேண்டாம்; புதுக் குடுவையை வாங்கி இந்த ஒரு வேலைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். துலக்கிய பின் தூய நீரால் குறைந்தது ஐந்தாறு முறை அலச வேண்டும். எஞ்சிய அமிலம் கரைசலின் பிஎச் அளவைத் தாழ்த்தி, சிட்ரேட்டின் வேலையைக் கெடுத்துவிடும்.

கொதிக்க வைத்தலும் சேர்த்தலும்

250 மி.லி. வட்ட அடிக் குடுவையில் 99 மி.லி. தூய நீரும் 1 மி.லி. தங்க மூலக்கரைசலும் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது குடுவையில் உள்ளது 0.01 சதவீத, அதாவது 0.25 மில்லிமோலார் கரைசல். அதிலுள்ள தங்கத்தின் எடை சுமார் 5 மில்லிகிராம். மேலே நீர்க் குளிர்விப்பானைப் பொருத்தி, சீராகக் கலக்கிக்கொண்டே கொதிநிலைக்குக் கொண்டுவர வேண்டும். குளிர்விப்பான் இல்லாமல் கூம்புக் குடுவையிலும் செய்யலாம்தான். ஆனால் ஆவியாகும் நீரின் அளவு ஒவ்வொரு முறையும் மாறுபடுவதால், இரண்டு தயாரிப்புகளை ஒப்பிட முடியாமல் போய்விடும். ஓரத்தில் சிறு குமிழிகள் தோன்றுவதைக் கொதி என்று எண்ணிவிடக் கூடாது. திரவம் முழுவதும் புரளும்படி கொதித்த பிறகு மேலும் ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள், உதகமண்டலத்தில் நீர் 93 டிகிரி செல்சியஸை எட்டும் முன்பே கொதித்துவிடும் என்பதால், ‘கொதிக்க வைத்தேன்’ என்று மட்டும் எழுதுவது எல்லா ஊருக்கும் ஒரே பொருளைத் தராது.

இனி 3 மி.லி. சிட்ரேட் கரைசலை ஒரே வீச்சில் சேர்க்க வேண்டும். துளித்துளியாகச் சேர்த்தால் கருவாதல் நீண்ட நேரம் தொடரும். முதலில் தோன்றிய துகள்கள் பெரிதாகவும் பின்னர் தோன்றியவை சிறிதாகவும் நின்றுவிடும். ஒரே நேரத்தில் சேர்த்தால் கருக்கள் ஏறத்தாழ ஒரே வேளையில் தோன்றிச் சேர்ந்தே வளரும். இந்த அளவில் தங்கத்துக்கும் சிட்ரேட்டுக்கும் இடையிலான மோல் விகிதம் ஒன்றுக்கு நான்கு ஆகும்.

அடுத்த சில நிமிடங்கள் கண்ணைக் குடுவையிலேயே வைத்திருங்கள். வெளிர்மஞ்சள் முதலில் மறைந்து, திரவம் நிறமற்றதாகும். தங்கத்தின் மின்சுமை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைவதன் அடையாளம் அது. பிறகு சாம்பல் கலந்த நீலம் தோன்றி, மை போலக் கறுத்து, ஊதாவாகி, கடைசியில் சிவப்பில் நிலைபெறும். ஒவ்வொரு நிறமும் தோன்றிய நேரத்தை நொடிக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை இதே நேரங்கள் திரும்ப வருகின்றனவா என்பதுதான் உங்கள் முதல் சோதனை. சிவப்பான பின் மேலும் 15 நிமிடம் கொதிக்க விட்டு, சூட்டை நிறுத்திக் கலக்கிக்கொண்டே அறை வெப்பநிலைக்கு ஆறவிட வேண்டும். ஐஸ் நீரில் வைத்து அவசரமாகக் குளிரூட்டத் தேவையில்லை.

நிறம் ஊதாவிலேயே நின்றுவிட்டால் குடுவையின் தூய்மை, நீரின் தூய்மை, சிட்ரேட்டின் அளவு ஆகிய மூன்றையும் இந்த வரிசையில் சோதியுங்கள். மஞ்சள் மாறவே இல்லையென்றால், துலக்கிய அமிலம் எஞ்சியிருக்கலாம், அல்லது கொதிநிலை வருமுன் சேர்த்திருக்கலாம். அடியில் கறுப்பு வண்டல் தங்கி மேல்நீர் தெளிந்துவிட்டால் துகள்கள் திரிந்துவிட்டன என்று பொருள். திரிந்த பாலைப் போலவே அதை மீட்க வழியில்லை, கலக்கிப் பயனில்லை.

நிறமாலை சொல்வதும் சொல்லாததும்

உலோகத்திலுள்ள கட்டற்ற எலக்ட்ரான்கள் ஒளியின் மின்புலத்தோடு சேர்ந்து ஒரே தாளத்தில் அசைவதை மேற்பரப்புப் பிளாஸ்மான் ஒத்திசைவு என்பர். 15 நானோமீட்டர் தங்க உருண்டைகளுக்கு இந்த ஒத்திசைவு 520 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி, பச்சை ஒளியில் அமைகிறது. பச்சை உறிஞ்சப்படுவதால் எஞ்சிய ஒளி சிவப்பாகத் தெரிகிறது. ஆறிய திரவத்தை ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் (நிறமாலைமானிக்குள் வைக்கும் சிறு கலத்தில்) எடுத்து, அதே செறிவுள்ள சிட்ரேட் கரைசலை ஒப்பீடாக வைத்து, 350 முதல் 800 நானோமீட்டர் வரை நிறமாலையைப் பதிவு செய்யுங்கள்.

இந்த ஒரு வரைபடத்திலிருந்து நான்கு செய்திகளைப் பெறலாம். உச்சத்தின் அலைநீளம் 518–522க்குள் இருந்தால் துகள்கள் சிறியவை. 40 நானோமீட்டர் துகள்களுக்கு உச்சம் 530ஐ நெருங்கும், 100 நானோமீட்டர் அளவில் 570ஐ ஒட்டிவிடும். 400 நானோமீட்டரில் உறிஞ்சல் அளவு தங்கத்தின் மொத்தச் செறிவைக் காட்டும்: 0.5 மில்லிமோலார் உலோகத் தங்கத்துக்கு இது ஏறத்தாழ 1.2 ஆகையால், நம் கரைசலுக்கு 0.6 அருகில் வர வேண்டும்; மிகக் குறைவாக இருந்தால் ஒடுக்கம் முடியவில்லை, அல்லது தங்கம் சுவரில் படிந்துவிட்டது. உச்சத்தின் உறிஞ்சலை 450 நானோமீட்டரின் உறிஞ்சலால் வகுத்தால் துகளின் விட்டத்தை மதிப்பிடலாம். 2007இல் ஹைஸ் குழுவினர் வெளியிட்ட அட்டவணையின்படி இந்த விகிதம் 10 நானோமீட்டருக்குச் சுமார் 1.5 ஆகவும் 20 நானோமீட்டருக்குச் சுமார் 1.7 ஆகவும் இருக்கும். கடைசியாக, 650க்கு மேல் வரைகோடு தரையைத் தொட்டுச் செல்ல வேண்டும். அங்கே ஒரு தோள் போலப் புடைத்திருந்தால் துகள்கள் ஒட்டத் தொடங்கிவிட்டன. அப்படிப் புடைத்திருக்கும் மாதிரிக்கு மேற்சொன்ன விகிதத்தைப் பயன்படுத்தக் கூடாது.

ஆனால் உச்சத்தின் இடம் மட்டும் அளவுக்குச் சான்றாகிவிடாது. 5 நானோமீட்டரிலிருந்து 20 நானோமீட்டர் வரை அது மிகச் சிறிதளவே நகர்கிறது; பெரியதும் சிறியதும் கலந்த மாதிரியும் அதே இடத்தில் உச்சம் காட்டக்கூடும். ஏதோ ஒரு இலையைக் காய்ச்சி வடித்த சாற்றில் தங்க உப்பைக் கலந்து, சிவப்பு வந்ததும் ஒரு நிறமாலையை மட்டும் எடுத்து, ‘15 நானோமீட்டர் கோளத் துகள்கள்’ என்று முடித்துவிடும் திட்டக் கட்டுரைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். இலைச்சாற்று முறையில் தவறில்லை. சாற்றில் எந்த மூலக்கூறு ஒடுக்கியது, அடுத்த மழைக்காலத்தில் பறித்த இலையும் அதையே தருமா என்ற கேள்விகளைக் கேளாமல் விடுவதே தவறு. சிட்ரேட்டை நான் முதலில் பரிந்துரைப்பதற்குக் காரணமும் இதுதான். அதில் என்ன இருக்கிறது என்பது புட்டியின் மேலேயே எழுதியிருக்கிறது.

ஒரே நாளில் அல்லாமல் மூன்று வெவ்வேறு நாட்களில், மூலப்பொருள்களை அளப்பது முதல் எல்லாவற்றையும் புதிதாகச் செய்து, மூன்று நிறமாலைகளை ஒரே தாளில் வரையுங்கள். அவை ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் மட்டுமே அடுத்த கட்டத்துக்குப் போகலாம். அதன் பிறகு சிட்ரேட்டின் அளவை மாற்றலாம். ஃப்ரென்ஸ் பெற்ற அளவுகளை நம்முடைய 100 மி.லி.க்குக் கணக்கிட்டால், 2 மி.லி. சிட்ரேட்டுக்கு 16 நானோமீட்டர், 1.5 மி.லி.க்கு 24.5, 1 மி.லி.க்கு 41, 0.6 மி.லி.க்கு 71.5 என்று வரும். 30 நானோமீட்டரைத் தாண்டியதும் துகள்கள் நீள்வட்டமாகவும் அளவில் சிதறியும் போவதைக் காண்பீர்கள். பெரிய, சீரான துகள்கள் வேண்டுமென்றால், 15 நானோமீட்டர் துகள்களையே விதையாக வைத்து, அவற்றின் மேல் மேலும் தங்கத்தைப் படியவைக்கும் விதைவளர்ப்பு முறைக்கு மாற வேண்டும்.

எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அனுப்புதல்

துகளை நேரில் காண ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி தேவை. பெரும்பாலான கல்லூரிகளில் இது இராது. மத்திய அரசின் ஐ-ஸ்டெம் இணையதளத்தில் எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி உள்ளது, கட்டணம் எவ்வளவு என்று தேடி முன்பதிவு செய்யலாம். மாதிரி தயாரிப்பை இயக்குபவரிடம் விட்டுவிடாமல் நீங்களே செய்து கொண்டுபோவது மேல். கரிப்படலம் பூசிய செம்பு வலைத்தட்டின் மேல் ஐந்து மைக்ரோலிட்டர் திரவத்தை வைத்து, இரண்டு நிமிடம் கழித்து வடிதாளின் ஓரத்தால் மிச்சத்தை உறிஞ்சி எடுத்து, தூசிபடாமல் மூடி உலர்த்த வேண்டும். துளியை முழுவதுமாகக் காயவிட்டால், சிந்திய காப்பி காய்ந்த இடத்தில் விளிம்பு மட்டும் கறுப்பது போல, துகள்கள் ஓரத்தில் குவிந்துவிடும்; நீரில் பிரிந்தே இருந்தவை படத்தில் திரண்டவையாகத் தெரியும். அந்தத் திரட்சி காய்தலின் விளைவா, கரைசலிலேயே இருந்ததா என்பதை நிறமாலையின் 650 பகுதியை வைத்தே தீர்மானிக்க முடியும்.

கருவியில் அமரும்போது அழகான துகள்கள் உள்ள ஓரிடத்தை மட்டும் படமெடுக்கச் சொல்லாதீர்கள். தட்டின் நான்கைந்து வெவ்வேறு கட்டங்களில், ஒரே உருப்பெருக்கத்தில், அளவுகோல் தெரியும்படி படங்கள் எடுத்து, சுருக்கப்படாத மூலக் கோப்புகளைக் கேட்டு வாங்குங்கள். இமேஜ்ஜே என்னும் இலவச மென்பொருளில் குறைந்தது 200 துகள்களின் விட்டத்தை அளந்து, சராசரியையும் திட்ட விலக்கத்தையும் பரவல் படமாகத் தர வேண்டும். சராசரி 15, விலக்கம் 1.5 என்றால் நல்ல தயாரிப்பு.

ஒளிச்சிதறல் முறையில் அளக்கும் கருவி அருகிலேயே கிடைக்கலாம். அது தரும் எண் நுண்ணோக்கியின் எண்ணைவிடப் பெரிதாக இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். அது தங்கத்தை மட்டுமல்லாமல் அதைச் சூழ்ந்து இழுபடும் நீரையும் அயனிகளையும் சேர்த்தே அளக்கிறது. மேலும் சிதறும் ஒளியின் செறிவு விட்டத்தின் ஆறாம் படியைப் பொறுத்தது. ஒரு 60 நானோமீட்டர் துகள், 15 நானோமீட்டர் துகள்கள் நாலாயிரத்துக்குச் சமமான ஒளியைச் சிதறடிக்கும் என்பதால், ஒரு தூசி போதும் முடிவைத் திசைதிருப்ப. இரு எண்களையும் ஒரே வரியில் எழுதி, எது எந்த முறையால் வந்தது என்று சொல்லிவிடுங்கள்.

பயன்படுத்திப் பார்த்தல்

ஃபாரடே கண்ட உப்புச் சோதனையே முதல் பயன்பாடு. ஒரு மி.லி. திரவத்தில் 0.1 மி.லி. ஒரு மோலார் சோடியம் குளோரைடைச் சேர்த்தால், கண் முன்னே சிவப்பு நீலமாகும். உப்பு அயனிகள் மின்சுமையை மறைக்க, துகள்கள் ஒட்டிக்கொள்ள, அவற்றின் ஒத்திசைவுகள் ஒன்றையொன்று பாதித்து உச்சம் நீண்ட அலைநீளத்துக்கு நகர்கிறது. இப்போது அதே திரவத்தில் முதலில் ஒரு புரதத்தைச் சேர்த்துப் பிறகு உப்பைச் சேர்த்தால், சிவப்பு அப்படியே நிற்கும். புரதம் துகளைச் சுற்றி உறையாகிக் காத்துக்கொள்கிறது.

இதை அளவாகச் செய்வதற்கு, மாட்டுச் சீரம் ஆல்புமின் என்னும் புரதத்தை வெவ்வேறு செறிவுகளில் பத்துச் சோதனைக் குழாய்களில் 0.1 மி.லி. வீதம் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மி.லி. தங்கத் திரவத்தைச் சேர்த்துப் பத்து நிமிடம் காத்திருந்து, பத்து சதவீத உப்புக் கரைசலில் 0.1 மி.லி. விட வேண்டும். எந்தக் குழாய்வரை நீலம், எந்தக் குழாயிலிருந்து சிவப்பு என்ற எல்லையே, துகள்களை முழுவதும் போர்த்தத் தேவையான மிகக் குறைந்த புரதத்தின் அளவு. கண்ணால் பார்த்ததோடு நிறுத்தாமல், 650 நானோமீட்டர் உறிஞ்சலை 520 நானோமீட்டர் உறிஞ்சலால் வகுத்து வரைந்தால் எல்லை தெளிவாக விழும். வேறு புரதத்தை எடுத்தால், பிஎச் அளவை அதன் சமமின் புள்ளிக்கு (அந்தப் புரதத்தின் நிகர மின்சுமை சுழியாகும் பிஎச்சுக்கு) சற்று மேலே பொட்டாசியம் கார்பனேட்டால் சரிசெய்ய வேண்டியிருக்கும். அப்போது பிஎச் மீட்டரின் மின்வாயை நேராகத் திரவத்தில் முக்காதீர்கள். துகள்கள் அதன் நுண்துளையை அடைத்துவிடும். பிஎச் தாள் போதும்.

மருந்துக் கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையிலும், கொரோனா காலத்தில் வீடுதோறும் பழகிப்போன விரைவுப் பரிசோதனைப் பட்டைகள் பலவற்றிலும் தோன்றும் சிவப்புக் கோடு இதே தொழில்நுட்பத்தால் வருவதுதான். அங்கே துகளைப் போர்த்தியிருப்பது ஆல்புமினுக்குப் பதிலாக, தேடப்படும் பொருளை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள். கண்ணுக்கு நிறம் எடுப்பாகத் தெரிய, துகளும் பெரும்பாலும் 40 நானோமீட்டர் அளவில் எடுக்கப்படுகிறது. மேலே சொன்ன பத்துக் குழாய்ச் சோதனையைச் சரியாகச் செய்யத் தெரிந்தவருக்கு, அப்படியொரு பட்டையைத் தயாரிப்பதன் முதல் கட்டம் கைவந்துவிட்டது என்றே சொல்லலாம்.

சேமிப்பும் கழிவும்

தயாரித்த திரவத்தை நன்கு துலக்கிய கண்ணாடிக் குப்பியில், வெளிச்சம் படாமல், 4 டிகிரி செல்சியஸில் வைத்தால் பல மாதங்கள் கெடாமல் இருக்கும். உறைநிலைப் பெட்டியில் வைத்துவிடக் கூடாது. நீர் பனிக்கட்டியாகும்போது துகள்கள் அதன் இடுக்குகளில் நெருக்கப்பட்டு ஒட்டிக்கொள்ளும், உருகிய பின் அவை பிரியா. குப்பியின் மேல் தேதி, தங்கம் மற்றும் சிட்ரேட்டின் செறிவு, உச்ச அலைநீளம், 400 நானோமீட்டர் உறிஞ்சல் ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு முறை பயன்படுத்தும் முன்பும் ஒரு நிறமாலை எடுத்து, முதல் நாள் கோட்டோடு ஒப்பிடுங்கள்.

கழிவைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். தங்கத் திரவத்தின் எச்சங்களை ஒரு பெரிய கண்ணாடிப் புட்டியில் சேர்த்து, உப்பைப் போட்டு ஓரிரு நாட்கள் விட்டால், தங்கம் கறுப்பு வண்டலாக அடியில் தங்கும். மேல்நீரை ஆய்வகத்தின் கழிவு விதிமுறைப்படி அகற்றி, வண்டலைச் சேர்த்துக்கொண்டே வரலாம். இருநூறு தயாரிப்புகளுக்கு ஒரு கிராம் வீதம் தங்கம் அங்கே சேரும். துடைத்த தாள், பயன்படுத்திய கையுறை, பிப்பெட் நுனி ஆகியவற்றுக்குத் தனி உறை வைத்து, அதன் மேலும் பெயரையும் தேதியையும் எழுதிவிடுங்கள்.